ரோட்டுக்கு முதுகு காட்டி நிற்கிறவன்

அண்ணா,

இன்று காலை குன்னூரைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது சீட்டில் இருந்த ஓர் அம்மா ஒரு சின்ன பாட்டிலை என்னிடம் நீட்டினார். "மூடி இறுகிப் போச்சுங்க கண்டக்டரு. கொஞ்சம் தெறந்து குடுங்க, தலை சுத்துது." திறந்தேன். நீலகிரித் தைலம். மலைப்பாதையில் ஓடும் வண்டியில் இந்த வாசனை வராத நாள் உண்டா? தினமும் யாராவது திறப்பார்கள், மூக்கில் ஏறும், நான் பாட்டுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டு போவேன். இன்றைக்கு என்னவோ, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் வலது கெண்டைக்காலில் தேய்த்துக்கொள்வீர்களே, அதே வாசனை.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போக முடியாது. அலுத்துக் கிடக்கிறேன் அண்ணா. முதலில் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். உயிரோடு இருந்தபோது என் புலம்பலைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டியவர்தானே நீங்கள், இப்போது மட்டும் என்ன வேலை உங்களுக்கு?

கால் வீங்குகிறது. சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் சாக்ஸின் வரி அப்படியே தோலில் பதிந்திருக்கிறது. ராத்திரி படுத்தால் உடம்பு இன்னும் வளைவில் சாய்ந்துகொண்டே இருக்கிறது. இதெல்லாம் பழைய கதை, முன்பும் இருந்ததுதான். புதுசு ஒன்று வந்திருக்கிறது. வண்டி மலை இறங்கும்போது நான் ரோட்டைப் பார்க்கிறேன்.

கண்டக்டர் ரோட்டைப் பார்த்தால் என்ன குற்றம் என்று வேலை தெரியாதவர்கள் கேட்பார்கள். உங்களுக்குத் தெரியும். ரோட்டைப் பார்க்கிறவர் நீங்கள், ஆளைப் பார்க்கிறவன் நான். சீட்டில் இடுப்பை முட்டுக் கொடுத்து, ரோட்டுக்கு முதுகு காட்டி, ஏறியவர் யார், டிக்கெட் வாங்காதவர் யார், யாருக்கு வாந்தி வரும்போல இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இறங்குவேன். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் அப்படித்தான். முன்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியதே இல்லை. அது தைரியம் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். ஓட்டுகிறவர் நீங்கள் என்பதால் அந்த நினைப்பே வரவில்லை.

இப்போது உங்கள் சீட்டில் குன்னூர்ப் பக்கத்து ஜெகதளா ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். நாற்பது வயது இருக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். அவர் கியர் மாற்றுவதே நமக்குத் தெரியாது. மேலே ஏறி வருகிற வண்டிக்கு வளைவில் நின்று வழி விடுவார். யாரையும் திட்டமாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் ஓட்டுகிற வண்டியில் நான் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாகத் தாரையே முறைத்துக்கொண்டு வருகிறேன். பின்னால் ஏறியவர்கள் டிக்கெட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். போன வாரம் செக்கர் ஏறி, "என்னங்க இது, பாதிப் பேருக்கு டிக்கெட் போடலை?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். மானம் போயிற்று. அன்றைக்கே மேனேஜரிடம் போய், டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன். "நல்லா யோசிச்சுட்டுத் திங்கக்கெழம சொல்லுங்க" என்றார். வண்டியை விட்டு இறங்கிவிடுவதா, இல்லையா? இத்தனை வருஷத்தில் நான் இப்படி ஒரு கேள்வியோடு படுத்ததில்லை.

நீங்களும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு படுத்திருக்கிறீர்கள். அதை நினைத்துக்கொண்டுதான் இத்தனை நாளையும் ஓட்டினேன்.

மழை விட்டு வெயில் அடித்த அந்த மதியம் ஞாபகம் இருக்கிறதா என்று உங்களிடம் கேட்பது அசட்டுத்தனம். வளைவு திரும்பியதும் மேலேயிருந்து மண்ணோடு ஒரு பாறை ரோட்டில் வந்து விழுந்தது. நான் வழக்கம்போல உங்களுக்கு முதுகைக் காட்டி நின்றதால் எதையும் பார்க்கவில்லை. வண்டி வழுக்கியது, நான் கம்பியில் மோதினேன், யாரோ சாமி பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், அவ்வளவுதான். வண்டி நின்றது. முன் சக்கரத்துக்கும் பள்ளத்துப் பக்கக் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லாரும் இறங்கிப் பாறையைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் மட்டும் இறங்கவில்லை.

"கால் வரமாட்டேங்குது தம்பி" என்றீர்கள்.

விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால், பிரேக்கின் மேல் உங்கள் வலது கால் ஆணி அடித்த மாதிரி இருக்கிறது. நான்தான் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி எடுத்து வைத்தேன். தூக்கும்போது உங்கள் கால் தொடை வரைக்கும் நடுங்கியது. நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டர் காலில் ஒன்றுமில்லை என்றார். லீவு முடிந்து வந்தீர்கள், பழையபடி ஓட்டினீர்கள், பயணிகள் யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் வலது கால் தரையை அழுத்தும். சாப்பிடும்போது அழுத்தும். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டால் அங்கேயும் அழுத்தும். "ராத்திரியில பக்கத்துல படுத்திருந்த ஒங்க அக்காவ மிதிச்சிட்டேன் தம்பி, பாவம், கீழ படுத்துக்கிறா" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அதற்கு நான் சிரிக்கவில்லை. தைலம் வாங்கித் தேய்க்க ஆரம்பித்தது அப்போதுதான். வண்டி முழுக்க மணக்கும்.

அந்தச் சமயத்தில்தான் டிப்போவில் மனசுக்குப் பயிற்சி என்று ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். டிரைவர், கண்டக்டர் எல்லாரையும் மீட்டிங் ஹாலில் உட்கார வைத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்த அம்மா கோயமுத்தூர்க்காரர். அடக்கமான குரல். "எல்லாரும் கண்ண மூடிக்குங்க. மூச்ச மட்டும் கவனியுங்க" என்றார். ஒருவரும் மூடவில்லை. ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பின் வரிசையிலிருந்து ஒரு டிரைவர், "மேடம், கண்ண மூடாம இருக்கறதுக்குத்தானுங்க எங்களுக்குச் சம்பளமே" என்றாரே! ஹால் அதிர்ந்தது. அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். பிறகு என்னவோ எல்லாரும் சமர்த்தாகக் கண்ணை மூடினார்கள். நான் திருட்டுத்தனமாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். வரிசையாக உட்கார்ந்திருந்த டிரைவர்களில் பாதிப் பேருக்கு வலது கால் லேசாகத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. நீங்கள் ஒருத்தர்தான் அப்படி என்று நினைத்திருந்தேன்.

அந்த அம்மாவும் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். "சரி, மூட வேண்டாமுங்க. தெறந்தே வெச்சுக்குங்க. கைக்கு ஒரு வேலை குடுத்துட்டு மூச்சப் பாக்கலாம்" என்று காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்தார். மனசில் வருவதைப் போடச் சொன்னார். ஒருவர் பஸ் போட்டார். ஒருவர் மேகம் மாதிரி ஏதோ கிறுக்கிவிட்டு, காலிஃப்ளவர் என்று சத்தியம் பண்ணினார். நீங்கள் காகிதத்தின் மேல் ஓரத்தில் பென்சிலை வைத்து ஒரே கோடாக இழுக்க ஆரம்பித்தீர்கள். நேராகப் போனது, திரும்பியது, மறுபடி நேராகப் போனது, திரும்பியது. குன்னூரிலிருந்து இறங்குகிற நம்ம ரோடு. ஒவ்வொரு வளைவும் அதனதன் அகலத்தோடு இருந்தது. ஒரு வளைவுக்கு முன்னால் வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. எந்த வளைவு என்று நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் அதே வேலை. மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் அடுத்த சிங்கிள் கிளம்ப நேரம் இருக்கும்போது, டீக்கடை பெஞ்சில் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு ரோட்டை இறக்குவீர்கள். நேர் ரோட்டில் மூச்சை இழுப்பது, வளைவில் விடுவது. அந்த அம்மா சொன்னதில் நீங்களாகச் சேர்த்துக்கொண்டது அது. நல்ல வேகம், நல்ல நிதானம், வண்டி ஓட்டுகிற அதே கை. அந்த வளைவுக்கு முன்னால் வந்ததும் பென்சில் நிற்கும். கீழே கால் அழுத்தும். தாளை மடித்து வைத்துவிட்டு, "ஒரு பிளேன் டீ சொல்லு தம்பி" என்பீர்கள். பால் இல்லாத டீக்கு இலங்கையிலிருந்து உங்கள் அப்பா கொண்டுவந்த பேர். எத்தனை தரம் சொன்னாலும் டீக்கடைக்காரர் பால் ஊற்றித்தான் கொண்டுவருவார்.

எனக்குப் பொறுமை போயிற்று. "தெனமும் வண்டியில அந்த எடத்தத் தாண்டித்தானுங்கண்ணா வர்றோம். காயிதத்துல தாண்டறதுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"வண்டி தாண்டிருச்சு தம்பி. நான் இன்னும் அங்கனயே நிக்கிறேன்" என்றீர்கள். அன்றைக்குத்தான் இந்த வேலையை விட்டுவிடப் போவதாகவும் சொன்னீர்கள். அந்த மாசத்தோடு சரி, காகிதத்தில்கூடத் தாண்ட முடியாதவன் நாலு உசுரை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்று.

மறுநாள் அதே பெஞ்சு. அதே இடத்தில் பென்சில் நின்றது. எனக்கு என்ன தோன்றியதோ, கோபமோ பயமோ, எழுந்து நின்றேன். குறுகலான வளைவில் எதிரே லாரி மாட்டிக்கொண்டால் நான் இறங்கி வண்டியைத் தட்டி உங்களுக்கு வழி சொல்வேனே, அதேபோல் பெஞ்சுப் பலகையைத் தட்டினேன். "வரலாம்… வரலாம்… லெஃப்ட்ல ஒடிங்க… எடம் இருக்குது, வரலாம்…" நீங்கள் நிமிரவில்லை. பென்சில் நகர்ந்தது. "மெதுவா… இன்னும் ஒடிங்க… வரலாம்ணா, நான் பாத்துக்கறேன், வரலாம்…" டீக்கடைக்காரர் தலையை நீட்டி, "ஏனுங்க, என்ற கடைக்குள்ள எந்த வண்டிய எடுக்கறீங்க?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நான் தட்டிக்கொண்டே இருந்தேன். வளைவு திரும்பியது. கோடு அந்தப் பக்கம் இறங்கியது. அடுத்த வளைவு, அதற்கடுத்தது, பர்லியாறு, கடைசியில் சமதளம். தாள் முடிந்து பெஞ்சுப் பலகையிலும் கொஞ்சம் போட்டுவிட்டீர்கள். நான் குனிந்து பார்த்தேன். உங்கள் கால் தரையில் சும்மா இருந்தது.

அன்றோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மழை நாட்களில் கால் மறுபடி அழுத்தும். ஆனால் வேலையை விடுகிற பேச்சை நீங்கள் எடுக்கவில்லை. வண்டி எடுக்குமுன் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, கண்ணைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பீர்கள். "என்னங்க, சாமி வந்துருச்சா டிரைவருக்கு?" என்று முன் சீட்டு ஆட்கள் கிண்டல் பண்ணுவார்கள். நான் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். தாளில் ரோட்டோடு மற்றவையும் வர ஆரம்பித்தன. பலாமரம், சுவரில் உட்கார்ந்த குரங்கு, குறுக்கே போகிற ரயில் தண்டவாளம். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும்.

ஒரு நாள் பென்சிலை என்னிடம் நீட்டினீர்கள். "நீயும் ரோட்டப் போடு."

"எனக்கு ரோடே தெரியாதுங்ணா."

"இத்தனை வருசமா இதுல போயிட்டு வர்ற, ரோடு தெரியாதா ஒனக்கு?"

"நான் எங்க பாத்தேன்? நீங்க பாத்தீங்க."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அப்புறம் தெரிந்ததைப் போடச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்தது கைகள்தான். டிக்கெட்டுக்கு நீளும் கைகள். தேயிலைக் கறை ஏறிய விரல் நுனிகள், மருதாணி அழியாத கல்யாணக் கை, நகத்தில் கேரட் தோட்டத்து மண் இருக்கிற கை, தூங்குகிற பிள்ளையை அணைத்த கையிலேயே டிக்கெட்டையும் இடுக்கிக்கொள்கிற கை. கோணல் மாணலாகத்தான் போட்டேன். நீங்கள் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "நான் பாக்காத வண்டிய நீ போடுற தம்பி" என்றீர்கள். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

போன மழைக்காலத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்த சேதி வந்தபோது நானும் வந்தேன். கூடலூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து உங்கள் ஊர் நெல்லியாளத்துக்கு இன்னொரு பஸ், இரண்டிலும் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். அக்கா அழுது முடித்துக் களைத்துப் போயிருந்தார். "தூக்கத்துலேயே போயிட்டாரு தம்பி. பக்கத்துலதான் படுத்திருந்தேன், எனக்கே தெரியல" என்றார். கீழே படுத்தவர் மறுபடி பக்கத்துக்கு வந்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

திரும்பி வந்து முதல் டூட்டியில் ஏறினேன். வண்டி இறங்க ஆரம்பித்தது. நான் ரோட்டைப் பார்த்தேன். அன்றிலிருந்து இப்படித்தான். நீங்கள் செய்ததைச் செய்து பார்த்தேன். பெஞ்சில் தாளை விரிப்பேன், ஒரு விரல் வரைவதற்குள் எழுந்து போய் டயரைப் பார்ப்பேன். மூச்சைக் கவனித்தால் பிரேக் சத்தம்தான் காதில் விழும். இந்தத் தியானமெல்லாம் உங்களோடு போயிற்று, எனக்கு இது கொடுப்பினை இல்லை என்று விட்டுவிட்டேன்.

இனி இன்று காலைக்கு வருகிறேன். பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். அந்த அம்மா முகர்ந்தும் பிரயோஜனமில்லை. "வாந்தி வர்றமாதிரி இருக்குதுங்க" என்று என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. கையைப் பார்த்தேன். மருந்து ஏற்றிய ஊசித் தழும்புகள், ஒட்டிய பிளாஸ்திரி. ஆஸ்பத்திரிக்குப் போகிறார் போலிருக்கிறது, கூட யாருமில்லை. "நேர் ரோட்டுல மூச்ச இழுங்க, வளைவுல விடுங்கம்மா. சுத்தாது" என்றேன். என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"கண்ணத் தெறந்தாத்தானுங்க ரோடு தெரியும்? தெறந்தா சுத்துதே."

"கண்ண மூடிக்குங்க. நான் சொல்றேன்."

கம்பியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பி நின்றேன். "இழுங்க… இழுங்க… இப்ப விடுங்க. மெதுவா விடுங்க. மறுபடியும் இழுங்க…" எப்படிச் சொன்னேன் என்று கேளுங்கள். ரோடு தெரியாது என்று சொன்னவன் நான். ஆனால் குதிகாலில் பாரம் மாறுகிறது, இடுப்பு சாயப் பார்க்கிறது, வளைவு வருவதற்கு முன்பே என் உடம்பு விடச் சொல்கிறது. ஒரு வளைவுகூடத் தப்பவில்லை. உங்களுக்குப் பின்னால் நின்று நின்று இந்தப் பாதை முழுக்க எனக்குள் ஏறியிருக்கிறது, எனக்கே தெரியவில்லை. அவரோடு சேர்ந்து நானும் இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் பர்லியாறு. பாறை விழுந்த வளைவு எப்போது போனது என்று தெரியாது. அந்த அம்மா கண்ணைத் திறந்து, "இப்பத் தேவலைங்க" என்றார். எனக்கும் தேவலாம் என்று அவரிடம் சொல்லவில்லை.

மேட்டுப்பாளையத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜெகதளாக்காரர் இரண்டு டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவராக வந்து உட்கார்ந்ததே கிடையாது. டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒண்ணு சொல்லோணும். நான் வேற வண்டி கேட்டிருக்கேனுங்க."

"ஏனுங்க, என்னாச்சு?"

"நீங்க பின்னால நின்னு ரோட்டப் பாக்கறீங்களா, கண்ணாடியில உங்க மொகந்தான் எனக்குத் தெரியுது. எங்கியோ தப்புப் பண்றேன்போலன்னு பிரேக்குல இருந்து காலெடுக்கவே பயமா இருக்குதுங்க. ஊட்டுக்குப் போயும் கால் சும்மா இருக்க மாட்டேங்குது. வெளிய சொல்லவும் வெக்கம்." டம்ளரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இன்னைக்கு நீங்க பாக்கல. இன்னைக்குத்தானுங்க நல்லா ஓட்டுனேன்" என்றார்.

அண்ணா, என் இரண்டு கையாலும் நான் தூக்கி எடுத்து வைத்த கால் அது. அதை இந்த மனுஷனுக்கு நானே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். டீ ஆறிப்போச்சு, குடிங்க என்றேன். குடித்து முடித்தபின், வேற வண்டி கேட்டதைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். நானும் டிப்போ வேலை கேட்டதைத் திங்கட்கிழமை திருப்பி வாங்கப்போவதாகச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. இன்னொரு நாள் உங்களைப் பற்றி முழுசாகச் சொல்லுவேன்.

அலுப்பு போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. இப்போதும் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நாளைக்கு மறுபடி கழுத்து ரோட்டுப் பக்கம் திரும்பும், எனக்குத் தெரியும். ஆனால் மதியம் மேலே ஏறுகிற சிங்கிளில், ஜெகதளாக்காரர் வண்டியை எடுத்ததும், இடுப்பைச் சீட்டில் கொடுத்து அவருக்கு முதுகு காட்டி நின்றேன். முதுகு கூசியது. பயமாகத்தான் இருந்தது. ஊட்டி வரும்வரைக்கும் அப்படியே நின்றேன்.